ஆங்கில மரபுத்தொடர் எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மாலை வகுப்புக்குப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். படிவம் ஐந்து மாணவர்கள், செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பிகள், ஈப்போவில் தங்கும் விடுதிகளில் வேலை செய்யும் பெண்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று தாங்களே படிக்க வரும் அம்மாக்கள். கொண்டுவரும் குறை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: "இடியம்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சர். வாயைத் திறந்தா தப்பாப் போயிடுது."

இவர்களுடைய மனப்பாடத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் 'கம்பி நீட்டுதல்', 'கரைத்துக் குடித்தல்' என்று மரபுத்தொடர் படித்தவர்கள். மலாய்ப் பாடத்தில் சிம்புலான் பஹாசா என்ற மலாய் மரபுத்தொடர்களையும் படித்தவர்கள். கோளாறு அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. அதில் இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், அவ்வளவுதான். யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்லக்கூடாது, வினை எப்படி மாறும் என்ற எதுவும் அதில் கிடையாது. அதனால் மறுபடியும் பட்டியலை எடுத்து முதலிலிருந்து படிப்பதில் பயனில்லை. எந்த இடத்தில் சிக்குகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை

மேலாளர் காலையில் போன் செய்து, "ஐ ஆம் அண்டர் த வெதர், ஸோ ஐ வோன்ட் பி கமிங் இன்" என்கிறார். அண்டர் தெரியும், வெதர் தெரியும். இரண்டையும் சேர்த்தால் வானிலைக்குக் கீழே ஒரு மனிதர்.

சொல்லுக்குச் சொல் வைத்த பொருள் அந்த இடத்தில் உட்காரவில்லை என்றால், அது மரபுத்தொடராக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படுங்கள். அடுத்து, தெரியாத பகுதியை அப்படியே விட்டுவிட்டு மீதியைக் கேளுங்கள். வேலைக்கு வரவில்லை என்கிறார், குரலும் சோர்ந்திருக்கிறது. உடம்பு சரியில்லை என்று ஊகிக்க இதுவே போதும். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்ற ஒன்றைப் பிடித்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போனை வைத்த பிறகு அகராதியைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடரை முழுதாகத் தட்டித் தேடுங்கள். பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்தில் 'இன்ஃபார்மல்', 'ஓல்ட் ஃபேஷன்ட்', 'யூ.கே.', 'யூ.எஸ்.' என்று சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். நம் பட்டியல்களில் விடுபட்டுப்போவது அதுதான். பொருளைவிட முக்கியமானதும் அதுதான் என்பேன்.

அறிகுறி: தமிழில் இதே மாதிரி ஒன்று இருக்கிறதே என்று நம்பிச் சொன்னால், எதிராளி வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்

என் வகுப்பில் அதிகம் வரும் கோளாறு இது. காலை வைத்து வரும் தொடர்களில் இது மிக மோசம்.

'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றால் விளையாட்டுக்குப் பொய் சொல்லிச் சீண்டுவது. கேட்பவரும் கடைசியில் சிரித்துவிடுவார். தமிழில் 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான். ஒன்று நண்பன் செய்வது, மற்றது துரோகி செய்வது. கூட்டாளி பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியதை "ஹி புல்ட் மை லெக்" என்று ஆங்கிலேயரிடம் சொன்னால், ஏதோ வேடிக்கை நடந்திருக்கிறது என்று அவர் புன்னகைப்பார். அங்கே சொல்ல வேண்டியது 'ஹி லெட் மி டவுன்'. கோபம் அதிகம் என்றால் 'ஹி ஸ்டேப்ட் மி இன் த பேக்'. முதுகில் குத்துவது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றேதான்.

அடுத்தது கால் ஆட்டுவது. வேலை செய்யாமல் சும்மா இருப்பவனை 'காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்' என்கிறோம். மலாயிலும் 'கோயாங் காக்கி' என்றால் அதே பொருள். இந்த இரண்டும் பழகிய காதுக்கு மலேசிய ஆங்கிலத்தின் 'ஷேக் லெக்ஸ்' உடனே புரிந்துவிடும்: சும்மா இருப்பது. ஆனால் இங்கிலாந்துக்காரர் 'ஷேக் எ லெக்' என்றால் சீக்கிரம் கிளம்பு என்று பொருள். நேர் எதிர். விடுதி வரவேற்பில் வேலை செய்யும் ஒரு தங்கை இதை வகுப்பில் சொன்னாள். காலையில் வந்த சுற்றுலாக் குழுவின் பெரியவர் தன் பேரப்பிள்ளைகளைப் பார்த்து "கம் ஆன், ஷேக் எ லெக்!" என்று கத்தியிருக்கிறார். மேசைக்குப் பின்னால் நின்றிருந்த இவளுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் சும்மா நிற்பதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள். வகுப்பில் அதைப் பிரித்துப் பார்த்தோம். 'எ' என்ற ஓர் எழுத்தும், லெக் ஒருமையா பன்மையா என்பதும்தான் வேறுபாடு. நம் ஊர் ஆட்களிடம் 'ஷேக் லெக்ஸ்' தாராளமாகச் சொல்லுங்கள், அது நம்முடைய சொத்து. வெளியாரிடம் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

'கோல்ட் ஃபீட்' இன்னொன்று. கெட்ட சேதி கேட்டுக் கை கால் சில்லிட்டுப் போவதற்கு இது பொருந்தாது. ஒரு காரியத்துக்குச் சரி என்று ஒப்புக்கொண்டு, நாள் நெருங்கும்போது பயந்து பின்வாங்குவதுதான் 'கெட் கோல்ட் ஃபீட்'. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு திட்டம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இந்தத் தொடர் அங்கே வராது. நிச்சயம் செய்த பிறகு மாப்பிள்ளை தயங்கினால் வரும், இரவில் பாம்பைப் பார்த்து நடுங்கினால் வராது.

அப்புறம் கிணற்றுத் தவளை. மலாயில் அது தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் இருக்கும் தவளை, 'காத்தாக் டி பாவா தெம்புருங்'. ஆங்கிலத்தில் தேடும் பிள்ளைகள் 'எ பிக் ஃபிஷ் இன் எ ஸ்மால் பாண்ட்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது உலகம் தெரியாதவரைச் சொல்வதில்லை. சின்ன வட்டத்துக்குள் பெரிய ஆளாக இருப்பவரைச் சொல்வது. கிணற்றுத் தவளைக்கு 'நேரோ மைண்டட்' என்ற சாதாரணச் சொல்லே போதும். எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு மரபுத்தொடர் கிடைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதற்குப் பொதுவான சரிசெய்தல் ஒன்று: படம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள், சொன்ன பிறகு கேட்பவர் சிரிப்பாரா, வருந்துவாரா, கோபப்படுவாரா என்று பாருங்கள். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒத்துப்போனால் மட்டும் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

கவலையில்லாமல் பயன்படுத்தக்கூடியவையும் நிறைய உண்டு. முதலைக் கண்ணீர் தமிழில் முதலை, மலாயில் 'ஆயர் மாத்தா புவாயா', ஆங்கிலத்தில் 'க்ரோக்கடைல் டியர்ஸ்'. மூன்றும் ஒன்றே. வெள்ளை யானையும் அப்படியே. 'கை கழுவிவிட்டான்' என்பது 'வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்'. 'ஆஃப்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் வெறுமனே குழாயடிக்குப் போனதாக ஆகிவிடும். பூனைக்குட்டி வெளியே வருவதும் சரிதான், ஆங்கிலப் பூனை பையிலிருந்து வருகிறது.

அறிகுறி: நம் ஊரில் எல்லாருக்கும் புரிகிறது, வெளியூர்க்காரருக்குப் புரியவில்லை

மலாயிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவியிருப்பீர்கள். பரீட்சை சுலபமாக இருந்தால் 'காச்சாங்' என்கிறோம். அதை அப்படியே "த எக்ஸாம் வாஸ் பீனட்ஸ்" என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினான். ஆங்கிலத்தில் பீனட்ஸ் என்றால் அற்பக் காசு. 'தே பே பீனட்ஸ்' என்றால் கூலி என்று சொல்லிக்கொள்ளவே முடியாத கூலி. அவன் தேட வேண்டியது 'எ பீஸ் ஆஃப் கேக்'. தமிழில் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அல்வாவிலும் கவனம் வேண்டும், சாப்பிட்டால் சுலபம், கொடுத்தால் மோசடி.

'மாக்கான் ஆஙின்' போனதை 'ஈட் விண்ட்' என்று எழுதுவதும் இதே வகை. 'வென்ட் ஆன் எ டிரிப்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

கை நீளம் என்று திருட்டுப் பழக்கத்தைச் சொல்வது தமிழிலும் மலாயிலும் ஒன்றுதான், 'பாஞ்சாங் தாங்ஙான்'. இரண்டு மொழி ஒத்துப்போனதால் மூன்றாவதும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடுகிறோம். ஆங்கிலத்தில் நீள்வது கையல்ல, இலேசாவது விரல்: 'லைட் ஃபிங்கர்ட்'. 'லாங்ஹேண்ட்' என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அது சுருக்கெழுத்தும் தட்டச்சும் இல்லாமல் கையால் முழுதாக எழுதுவதைக் குறிக்கும். முகத்தில் கரி பூசுவதும் மலாயில் 'சொந்தேங் ஆராங்' என்று அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லூஸ் ஃபேஸ்', முகத்தை இழப்பது. அது சீன மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

அறிகுறி: பொருள் சரி, இலக்கணமும் சரி, ஆனால் கேட்டவர் முகம் சுண்டிவிட்டது

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் இது மனிதர்களைப் புண்படுத்தும்.

'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று பட்டியல் சொல்கிறது. அதை நம்பி ஒரு தம்பி மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவைத்திருந்த செய்தி: "மை கிராண்ட்மதர் கிக்ட் த பக்கெட், ஐ நீட் டூ டேஸ் லீவ்." நல்லவேளை, அனுப்பும் முன்பு என்னிடம் காட்டினான். நான் அவனிடம் கேட்டேன்: "எங்க பாட்டி மண்டையைப் போட்டுட்டாங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்லுவியா?" அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வளர்த்த பாட்டி அவனுக்கு. அந்தச் செய்தியை அழித்துவிட்டு "மை கிராண்ட்மதர் பாஸ்ட் அவே திஸ் மார்னிங்" என்று எழுதினான்.

அவனிடம் கேட்ட கேள்வியையே நீங்களும் கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத் தொடருக்கு ஈடாக அதே கனமுள்ள தமிழ்த் தொடரைக் கண்டுபிடியுங்கள். 'கிக் த பக்கெட்' மண்டையைப் போடுவது. 'பாஸ் அவே' தவறிப்போவது. 'டை' என்பது செத்துப்போவது, அதைச் செய்திகளிலும் மருத்துவமனையிலும் கேட்கலாம். ஒரே பொருள்தான், எங்கே யாரிடம் என்பதுதான் வேறு. தமிழில் அந்த இடத்தில் எதைச் சொல்வீர்களோ, அதற்கு ஈடானதை ஆங்கிலத்தில் எடுங்கள். பெரிய காரியத்துக்குப் போகும்போது 'ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்' ஒன்றே போதும். அங்கே மரபுத்தொடர் எதற்கும் வேலையில்லை.

'அண்டர் த வெதர்' சளி, தலைவலி, சோர்வுக்குத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரைப் பற்றி அப்படிச் சொன்னால் நோயைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும்.

'பிரேக் எ லெக்' மேடை ஏறப்போகிறவருக்குச் சொல்வது. பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போடும் பிள்ளைக்குச் சொல்லலாம். கால்பந்து ஆடப்போகும் பையனுக்குச் சொல்லாதீர்கள். படிவம் ஐந்து முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறவருக்கு 'ஆல் த பெஸ்ட்' சொல்லுங்கள்.

அறிகுறி: சரியான தொடரைத்தான் எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்

தொடரின் உள்ளே ஏதோ மாறியிருக்கும். 'த', 'எ' போன்ற சொற்கள் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. அதனால் அவைதான் முதலில் உதிரும். 'ஸ்பில் த பீன்ஸ்' என்பதில் 'த' போனால் ரகசியம் வெளியாகாது, அவரைதான் கொட்டும்.

பெயர்ச்சொல்லை மாற்ற முடியாது. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய், அவர்களுக்கு இரண்டு பறவை. ஆங்கிலத்தில் மாங்காயை விழவைக்க வழியில்லை. செயப்பாட்டு வினையாகத் திருப்பினாலும் பல தொடர்கள் உடைந்துவிடும்: 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் உண்மையிலேயே வாளி உருண்டது.

ஆனால் வினை மட்டும் காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும். பல பிள்ளைகள் தொடரை அப்படியே வைக்க வேண்டும் என்று பயந்து 'யெஸ்டர்டே ஹி பைட் த புல்லட்' என்று எழுதுகிறார்கள். 'பிட் த புல்லட்' என்பதுதான் சரி. 'மை', 'ஹிஸ்', 'யுவர்' போன்றவையும் ஆளுக்கேற்ப மாறும்.

அறிகுறி: ஒரே சொல் வரும் இரண்டு தொடர்கள் குழம்புகின்றன

'ஹிட் த சாக்' தூங்கப் போவது, 'கெட் த சாக்' வேலை போவது. 'பைட் த புல்லட்' பல்லைக் கடித்துக்கொண்டு கசப்பானதைச் செய்து முடிப்பது, 'பைட் த டஸ்ட்' மண்ணைக் கவ்வுவது. பெயர்ச்சொல்லை வைத்து நினைவில் வைத்தால் குழம்பும். வினையோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி: கட்டுரை நிறைய மரபுத்தொடர், புள்ளி மட்டும் ஏறவில்லை

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் 1119-ஐ எழுதும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். 2021 முதல் அந்தத் தேர்வு ஐரோப்பியப் பொது மொழி அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். முறைக்கு மாறியிருக்கிறது. எழுத்துத் தாளில் மூன்று பகுதி: சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் இன்னொன்று. இவ்வளவு சின்ன இடத்தில் 'பேர்ன் த மிட்நைட் ஆயில்', 'எவ்ரி க்ளவுட் ஹாஸ் எ சில்வர் லைனிங்', 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்று அடுக்கினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இடமே மிஞ்சாது. திருத்துபவர் உள்ளடக்கம் பார்ப்பார், படிப்பவருக்கு ஏற்ற தொனியில் எழுதியிருக்கிறீர்களா என்று பார்ப்பார், ஒழுங்கைப் பார்ப்பார், மொழியைப் பார்ப்பார். மனப்பாடத் தொடர் கடைசியதில் மட்டும் கொஞ்சம் உதவலாம், மற்றவற்றில் கெடுக்கவே செய்யும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு தொடரையும் விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். வாக்கியம் ஒன்றும் இழக்கவில்லை என்றால் அடித்துவிடுங்கள். நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலில் ஒன்று இயல்பாக வரும். முதல்வருக்கு எழுதும் அறிக்கையில் ஒன்றுகூட வேண்டாம். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எழுதாதீர்கள். பள்ளிப் புத்தகத்தில்தான் அது இன்னும் பெய்துகொண்டிருக்கிறது, இன்று பேசுகிறவர்கள் 'இட்ஸ் போரிங்', அதாவது மழை கொட்டுகிறது, என்றுதான் சொல்கிறார்கள்.

அறிகுறி: ஐம்பது படித்தேன், தேவைப்படும்போது ஒன்றும் வரவில்லை

அகர வரிசையில் படித்ததன் விளைவு. தேவை வரும்போது நமக்கு அகர வரிசை நினைவுக்கு வருவதில்லை, சூழல்தான் வருகிறது. பணம், வேலை, சண்டை, உடம்பு, கல்யாணம் என்று சூழல் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றை வாக்கியமாக எழுதுங்கள். ஒரு மாணவி எழுதியது: "டேப்பிங் வாஸ் மை கிராண்ட்ஃபாதர்ஸ் பிரெட் அண்ட் பட்டர்." பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த தாத்தாவின் பிழைப்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் ஆங்கிலத்தில் இல்லை. அதை அவள் மறக்கவே போவதில்லை. 'டை த நாட்' என்பதை மூன்று முடிச்சோடு சேர்த்து எழுதிய அம்மா ஒருவர், மறுவாரம் அக்கா மகள் கல்யாணத்தில் அதைத் தானாகவே சொல்லியிருக்கிறார்.

'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' எழுதும்போது மட்டும், லீஃப் என்பது புத்தகத்தின் ஏடு என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மரத்து இலை என்று நினைத்தால் திருந்தி வாழ்வது என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஏடு என்று நினைத்தால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: அலுவலகத்தில் இருவரும் சரி என்றோம், ஆனால் வேறு வேறு காரியம் செய்துவிட்டோம்

வெளிநாட்டு நிறுவனங்களோடு மின்னஞ்சல் நடத்தும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை 'டேபிள்' செய்கிறார்கள் என்றால் முன்வைக்கிறார்கள். அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்று எழுதினால் இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்கிறார். நீங்கள் இரவு விழித்து அறிக்கை தயார் செய்துகொண்டிருப்பீர்கள், அவர் அதை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். 'ரிவர்ட்' இன்னொன்று. மலேசிய அலுவலகங்களில் அதற்குப் பதில் அனுப்புங்கள் என்று பொருள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது. வெளியே எழுதும்போது 'ரிப்ளை' போடுங்கள்.

'பால்பார்க் ஃபிகர்', 'டச் பேஸ்' போன்றவை பேஸ்பால் ஆட்டத்தோடு வந்தவை. முதலாவது உத்தேசக் கணக்கு, இரண்டாவது ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. நாம் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, அதனால் புரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது. "சாரி, வாட் டு யூ மீன் பை தட்?" என்று கேளுங்கள், எளிய சொல்லில் திரும்பச் சொல்வார்கள். பிறகு செய்ய வேண்டிய வேலையையும் நாளையும் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: "ஸோ யூ வான்ட் த ரிப்போர்ட் பை மண்டே, ரைட்?" அவர் யெஸ் என்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.